குடை கொடுத்த கப்பலும் நம் கல்லாப் பெட்டியும்

(கோவிலம்பாக்கத்திலிருந்து ஒரு மொத்த வியாபாரி)



ஆண்டுதோறும் செப்டம்பர் 5 வந்தால் வ.உ.சி. படத்துக்கு மாலை போடுகிறோம். கப்பலோட்டிய தமிழன் என்றும், செக்கிழுத்த செம்மல் என்றும் மேடையில் முழங்குகிறோம். அரசாங்கமும் 2021-ல் அவருடைய 150-ஆவது பிறந்த ஆண்டைச் சிறப்பாகக் கொண்டாடியது. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 2011-ல் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். எல்லாம் நல்லதுதான்.

ஆனால் ஒன்றை மட்டும் நாம் பேசுவதில்லை. அவர் ஒரு கம்பெனி நடத்தியவர். பங்கு விற்று முதல் திரட்டியவர். பெரிய போட்டிக்காரன் விலையை இறக்கியபோது தாமும் இறக்கிப் பார்த்தவர். கம்பெனி முழுகிய பிறகு சென்னைப் பட்டணத்தில் மளிகைக் கடையும் மண்ணெண்ணெய்க் கடையும் வைத்துப் பிழைத்தவர். ஆம், தராசு பிடித்த கை அது. அவர் நம் தொழில்காரர். ஆகவே அவருடைய வாழ்க்கையை அரசியல்வாதிகள் ஒரு விதமாகப் படிக்கட்டும். வியாபாரிகளாகிய நாம் பேரேடு புரட்டுவதுபோல் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

எங்கள் கோவிலம்பாக்கம் பக்கம் தாம்பரம் விமானப்படைத் தளமும் பரங்கிமலை ராணுவப் பயிற்சிக் கழகமும் அருகில் இருப்பதால், முப்படைகளிலும் இருந்து ஓய்வு பெற்றவர்கள் நிறையக் குடியிருக்கிறார்கள். கடற்படையில் பதினைந்து ஆண்டுக்குமேல் இருந்துவிட்டு, நாற்பது வயதுக்கு முன்பின் ஊர் திரும்பி, பென்ஷன் பணத்தோடு கடை வைத்தவர்களும் உண்டு. அவர்களிடம் ஒரு நல்ல பழக்கத்தைக் கண்டிருக்கிறேன். சரக்கு இருப்பைத் தினமும் எழுதிவிடுவார்கள். கேட்டால், "அண்ணாச்சி, நடுக்கடலில் அரிசி தீர்ந்தால் எந்தக் கடைக்கு ஓடுவது?" என்பார்கள். கடல் கற்றுக் கொடுக்கும் பாடம் அது. வ.உ.சி. கடற்படைக்காரர் அல்லர், ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வக்கீல். ஆனாலும் கடலில் இறங்கி வியாபாரம் செய்து, அந்தப் பாடத்தை மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றவர்.

கம்பெனி பிறந்த கதை

1872-ல் பிறந்த சிதம்பரம் பிள்ளை 1895 முதல் ஒட்டப்பிடாரத்தில் வக்கீல் தொழில் பார்த்தார். 1900-ல் தூத்துக்குடிக்கு வந்தார். அந்நாளில் கொழும்புக்குப் போக வேண்டுமென்றால் தூத்துக்குடிதான் வாசல். பாம்பன் ரயில் பாலமும் தனுஷ்கோடி வழியும் 1914-ல்தான் வந்தன. தோட்டத் தொழிலாளர், சரக்கு மூட்டை, தபால் எல்லாமே தூத்துக்குடித் துறைமுகத்தில்தான் கப்பல் ஏறின. அந்தக் கப்பல்களோ பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் என்ற வெள்ளைக்காரக் கம்பெனியின் கையில் இருந்தன. நாம் சுருக்கமாக பி.ஐ. கம்பெனி என்று சொல்லிக்கொள்வோம்.

1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். நம்மைப் போன்ற சாதாரண வியாபாரியும் ஒரு பங்காவது வாங்கலாம் என்பதற்காகத்தான் 25 ரூபாய் என்று வைத்தார்கள் என்று தோன்றுகிறது. மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் இரண்டு லட்ச ரூபாய்க்குப் பங்கு வாங்கினார். வ.உ.சி. உதவிச் செயலாளர். பதவி சிறியது, உழைப்பு முழுவதும் அவருடையது.

ஆரம்பத்தில் சொந்தக் கப்பல் கிடையாது. ஷா லைன் என்ற கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். பி.ஐ. கம்பெனி என்ன செய்தது தெரியுமா? கப்பல் கொடுத்தவர்களை நெருக்கி, வாடகைக் கப்பலை நிறுத்த வைத்தது. கொழும்பில் வேறொரு கப்பலை அமர்த்தி ஒருவாறு சமாளித்தார்கள். நம்மில் சிலருக்கு இது பழக்கமான கதைதான். பெரிய கடைக்காரன் கம்பெனி ஏஜென்சியிடம் ஒரு வார்த்தை சொன்னால், சின்னக் கடைக்கு வர வேண்டிய சரக்கு இரண்டு வாரம் தாமதமாகும்.

பிறர் கையை நம்பிப் பயனில்லை என்று கண்ட வ.உ.சி. பம்பாய்க்குப் புறப்பட்டார். வந்தால் கப்பலோடு வருவேன், இல்லாவிட்டால் கடலிலே மாய்வேன் என்று சபதம் செய்துவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. காலியாவில் சாதாரண வகுப்பில் மட்டும் சுமார் 1,300 பேர் போகலாம். 4,000 மூட்டை சரக்கும் ஏற்றலாம். ஊரே திரண்டு துறைமுகத்தில் நின்றதாம்.

விலைச் சண்டை

இனிமேல்தான் நம் பாடம் வருகிறது. கவனமாகக் கேளுங்கள்.

பி.ஐ. கம்பெனி கட்டணத்தை ஆளுக்கு ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக இறக்கியது. உடனே பி.ஐ. கம்பெனி, கட்டணமே வேண்டாம், சும்மா ஏறுங்கள், இறங்கும்போது ஆளுக்கு ஒரு குடையும் தருகிறோம் என்றது!

இன்றைக்கு ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கினால் ஒரு கிலோ சர்க்கரை ஒரு ரூபாய் என்கிறார்களே, முதல் ஆர்டருக்கு நூறு ரூபாய் தள்ளுபடி என்கிறார்களே, அதெல்லாம் புதிதல்ல. நூறு ஆண்டுக்கு முந்தைய அந்தக் குடைதான் இப்போது கைப்பேசியில் விரிகிறது.

ஒரு வியாபாரியாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,300 பேர் நிறைந்து ஏறினாலும், ஆளுக்கு ஒரு ரூபாய் என்றால் வரவு 1,300 ரூபாய். எட்டணா என்றால் 650 ரூபாய். வரவு பாதியாகிவிட்டது. ஆனால் நிலக்கரி பாதியாகுமா? மாலுமிகளின் சம்பளம் பாதியாகுமா? துறைமுகக் கட்டணம் பாதியாகுமா? கப்பல் நிறைய ஓடியது; ஆனால் ஓடிய ஒவ்வொரு நடையும் முதலைத் தின்றுகொண்டே ஓடியது. கூட்டம் இருக்கிறது, கல்லாவில் காசு இல்லை என்ற நிலை நமக்குத் தெரியாததா?

பி.ஐ. கம்பெனிக்கு அந்தக் கவலை இல்லை. 1856-ல் தொடங்கிய கம்பெனி அது. தூத்துக்குடி-கொழும்பு அவர்களுக்குப் பல தடங்களில் ஒன்று. இங்கே கொடுத்த குடையின் விலையை வேறு தடத்தில் வசூலித்துக்கொள்வார்கள். அதிகாரிகளும் அவர்கள் பக்கம் நின்றார்கள். சுதேசிக் கம்பெனிக்கோ இருந்தது இந்த ஒரு தடந்தான்.

இந்த வித்தை வ.உ.சி.க்கு மட்டும் நேர்ந்ததல்ல. அவருக்கு முன்பே 1890-களில் ஜாம்ஷெட்ஜி டாட்டா, ஜப்பானுக்குப் பஞ்சு ஏற்ற ஒரு கப்பல் தடம் தொடங்கினார். பி அண்டு ஓ என்ற ஆங்கிலக் கம்பெனி சரக்குக் கட்டணத்தை அடிமாட்டு விலைக்கு இறக்கியது. டாட்டாவே அந்தத் தொழிலை மூட வேண்டியதாயிற்று. டாட்டாவால் தாங்க முடியாததை ஒட்டப்பிடாரத்து வக்கீல் தாங்கினார் என்றால் அந்த நெஞ்சுரத்தை என்னவென்பது!

முழுகியது எதனால்?

1908 பிப்ரவரியில் தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். வேலைநிறுத்தம் வெற்றி பெற்றது. மார்ச் 12-ல் வ.உ.சி. கைதானார். திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் கடைகள் அடைத்தன. முடிதிருத்துவோர், சலவைத் தொழிலாளர், குதிரை வண்டிக்காரர்கூட வேலையை நிறுத்தினார்கள். திருநெல்வேலியில் துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் உயிரிழந்தனர். ஜூலையில் நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனை, அதாவது நாற்பது ஆண்டு என்று தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோயம்புத்தூர், கண்ணனூர் சிறைகளில் இருந்தார். கோவைச் சிறையில் அவர் இழுத்த கல் செக்கை கிண்டி காந்தி மண்டபத்தில் வைத்திருக்கிறார்கள். நம் பகுதியிலிருந்து அரை மணி நேரத்துப் பயணந்தான். கடைப்பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

1912 டிசம்பரில் அவர் விடுதலையானபோது கம்பெனி இல்லை. 1911-லேயே கலைத்துவிட்டார்கள். கப்பலும் போட்டிக்காரன் கைக்கே போய்ச் சேர்ந்தது. பெற்ற பிள்ளையைத் திருடன் வீட்டில் பார்த்தது போலிருக்கும் அவருக்கு.

வெள்ளைக்காரன் சதியால் முழுகியது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். சதி இருந்தது உண்மை. ஆனால் சதி செய்வான் என்று தெரிந்த எதிரி சதி செய்தான் என்பதில் நமக்குப் படிப்பினை ஏதும் இல்லை. நம் பக்கத்துக் காரணங்களைப் பார்த்தால்தான் பயன் உண்டு. எனக்குத் தெரிவன மூன்று.

ஒன்று, கையிருப்பு. நீண்ட விலைச் சண்டைக்கு 10 லட்சம் போதாது. இரண்டு, அடுத்த ஆள். வ.உ.சி. சிறைக்குப் போனதும் கம்பெனியைத் தூக்கிப் பிடிக்க அதே துணிவுள்ள இன்னொருவர் இல்லை. ஒற்றைத் தூணில் நின்ற மண்டபம் அது. மூன்று, எதிரி இழுத்த இடத்திலேயே சண்டை போட்டது. கட்டணத்தை ஒரு ரூபாய் ஆக்கினால் நீயும் குறைப்பாய் என்று எதிர்பார்த்துத்தான் அவன் குறைத்தான்.

இப்படிச் சொல்வதால் அந்தப் பெரியவரின் புகழ் குறையாது. அவர் செய்து பார்த்ததனால்தான் பின்னால் வந்தவர்கள் தப்பினார்கள். 1919 ஏப்ரல் 5-ல் சிந்தியா கம்பெனியின் லாயல்டி கப்பல் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. அந்த நாளைத்தான் தேசியக் கடல்சார் தினமாகக் கொண்டாடுகிறோம். வால்சந்த் ஹீராசந்த், நரோத்தம் மொரார்ஜி போன்ற பம்பாய் வியாபாரிகள் கூடி, கோடிக்கணக்கில் முதல் திரட்டி நடத்திய கம்பெனி அது. அவர்களையும் பி.ஐ. கம்பெனி விலை இறக்கி அடித்தது. பெரிய முதல் இருந்தது, பல கைகள் இருந்தன, தாங்கி நின்றார்கள். கடைசியில் 1923-ல் பி.ஐ. கம்பெனியே உடன்பாட்டுக்கு வந்தது. நிபந்தனை கடுமைதான். ஆனாலும் கம்பெனி பிழைத்தது. பல பத்தாண்டு ஓடியது. அதே எதிரி, அதே வித்தை. ஒருவர் முழுகினார், ஒருவர் மிதந்தார்.

நம் கடைத்தெருவுக்கு வருவோம்

இப்போது நம் நிலைமையைப் பாருங்கள். மேடவாக்கம் மெயின் ரோட்டில் மெட்ரோ வேலை, வண்டி நிறுத்த இடமில்லை. இருநூறடி ரோட்டுப் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகுகின்றன. ஆனால் குடி வருபவர்கள் கைப்பேசியில் தட்டிப் பத்து நிமிடத்தில் பருப்பு வாங்குகிறார்கள். என்னிடம் மூட்டைக் கணக்கில் சரக்கு எடுத்த கடைக்காரர்கள் இப்போது சிப்பக் கணக்கில் எடுக்கிறார்கள். படித்த மகன், "அப்பா, கடையைக் கொடுத்துவிடலாம்" என்கிறான். இதெல்லாம் உங்களுக்கும் தெரியும்.

இதற்கு நம் சங்கக் கூட்டங்களில் இரண்டு குரல்கள் கேட்கின்றன. அரசாங்கம் தடை செய்ய வேண்டும் என்பது ஒன்று. மக்கள் நம்மை ஆதரிக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டையும் மதிக்கிறேன், இரண்டும் போதாது என்கிறேன்.

சட்டத்தை எடுத்துக்கொள்வோம். எதிரியை ஒழிக்க அடக்க விலைக்குக் கீழே விற்பது 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டப்படி குற்றந்தான். ஆனால் சந்தையில் ஆதிக்க நிலையில் உள்ளவன் செய்தால்தான் அந்தப் பிரிவு பாயும். மூன்று நான்கு கம்பெனிகள் ஒருவரோடொருவர் போட்டி போட்டுக்கொண்டு விலை குறைத்தால், யாரை ஆதிக்கக்காரன் என்பது? 2024-ல் அகில இந்திய நுகர்பொருள் விநியோகஸ்தர் கூட்டமைப்பு, விரைவு விநியோகக் கம்பெனிகள்மீது போட்டி ஆணையத்தில் முறையிட்டது. முறையிட்டது சரியான செயல். ஆனால் வழக்கு முடியும்வரை நம் கடை வாடகை நிற்குமா?

மக்கள் ஆதரவை எடுத்துக்கொள்வோம். 2017 மார்ச் 1 முதல் வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று தமிழ்நாட்டு வணிகர் அமைப்புகள் அறிவித்தன. ஜல்லிக்கட்டு நேரத்து உணர்ச்சி அது, மனப்பூர்வமாகத்தான் செய்தோம். இன்று நம் கடைக் குளிர்பெட்டியைத் திறந்து பாருங்கள். எத்தனை கடைகளில் அவை இல்லை? வாடிக்கையாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. குடை சும்மா கிடைத்தபோது அந்தக் காலத்து மக்களும் சிலர் வாங்கிக்கொண்டுதான் போனார்கள். உணர்ச்சி கப்பலை வாங்கித் தரும். கணக்குதான் கப்பலை ஓட்டும்.

ஆகவே நான் சொல்ல விரும்புவது வேறு.

முதலில், குடை கொடுக்கிற சரக்கில் சண்டைக்குப் போகாதீர்கள். சர்க்கரை, சமையல் எண்ணெய், பெயர் பெற்ற சோப்பு, பாக்கெட் மாவு ஆகியவற்றில்தான் அவர்கள் தூண்டில் போடுகிறார்கள். அந்த விலைக்கு நாம் விற்றால் முதலுக்கே மோசம். அவற்றை வைத்திருங்கள்; அடக்கத்துக்குக் கீழே விற்காதீர்கள். விருதுநகர்ப் பருப்பு, உளுந்து, மல்லி, வற்றல், சில்லறை அரிசி இவற்றில் நம் கண்ணுக்கு ஈடு கிடையாது. எந்த உளுந்து இட்லிக்குப் பொங்கும், எந்தத் துவரை சீக்கிரம் வேகும் என்று ஒரு வீட்டம்மாவுக்குச் சொல்ல நம்மால்தான் முடியும். சுத்தம், சரியான எடை, நல்ல சொல். நம் தடம் அது.

இரண்டாவது, கூட்டுக் கொள்முதல். பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து வாரம் ஒரு லோடு எடுத்தால், கோவிந்தப்ப நாயக்கன் தெருவிலோ விருதுநகரிலோ நமக்குக் கிடைக்கிற விலை வேறு. ஒரு மொத்த வியாபாரி இப்படிச் சொன்னால் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்வதாகச் சிலர் சிரிக்கலாம். கடைகள் நின்றால்தானே மொத்த வியாபாரம் நிற்கும்? பத்துக் கடை மூடிய தெருவில் நான் யாருக்கு மூட்டை இறக்குவேன்? 25 ரூபாய்ப் பங்கில் கப்பல் வாங்கிய ஊர் இது. ஆளுக்கு ஐயாயிரம் போட்டு ஒரு லோடு பருப்பு வாங்க முடியாதா?

மூன்றாவது, கையிருப்பு. மூன்று மாத வாடகையும் சம்பளமும் கடைக்கணக்கில் தனியே கிடக்க வேண்டும். பெண்ணின் கல்யாணத்துக்கும் அதைத் தொடக் கூடாது. கந்துவட்டிக்கு வாங்கித் தள்ளுபடி கொடுப்பவன் தன் கடையைத் தானே ஏலம் விடுகிறான்.

நான்காவது, அடுத்த ஆள். மகனோ, மகளோ, நம்பிக்கையான கடைப்பிள்ளையோ, ஒருவருக்காவது கொள்முதல் கணக்கு முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில் படுத்தால் கடை திறக்குமா என்று இன்று இரவே யோசித்துப் பாருங்கள்.

ஐந்தாவது, எழுதி வையுங்கள். எந்தத் தேதியில் எந்தச் சரக்கை அவர்கள் நம் கொள்முதல் விலைக்குக் கீழே விற்றார்கள் என்று பில்லோடு எழுதி வைத்தால், சங்கம் ஆணையத்தின் முன் போய் நிற்கும்போது பேச ஆதாரம் இருக்கும். வெறுங்கையோடு போய் அழுதால் யார் கேட்பார்கள்?

கடைசிக் கணக்கு

விடுதலையான வ.உ.சி. சொந்த மாவட்டத்துக்குப் போக முடியவில்லை. வக்கீல் சன்னத்தும் பறிபோயிருந்தது. மனைவி மக்களோடு சென்னைக்கு வந்து மளிகைக் கடை, மண்ணெண்ணெய்க் கடை வைத்தார். கப்பல் கம்பெனி நடத்திய கை காலணாவுக்கு எண்ணெய் ஊற்றியது. அதில் கேவலம் ஒன்றும் இல்லை என்பதை அவர் நடந்து காட்டினார். பின்னர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி சன்னத்தைத் திருப்பிக் கிடைக்கச் செய்தார். நன்றி மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் வக்கீல் தொழில் பார்த்தார். தமிழ் நூல்கள் எழுதினார், பதிப்பித்தார். 1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடிக் காங்கிரஸ் அலுவலகத்தில் கண் மூடினார்.

கண் மூடுவதற்குச் சில நாள் முன்பு அவர் ஓர் உயில் எழுதினார். அதில் கடைகளுக்குத் தாம் கொடுக்க வேண்டிய பாக்கிகளையும் மறக்காமல் குறித்து வைத்தார். நாட்டுக்காக எல்லாவற்றையும் இழந்தவர். கடைப் பாக்கியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் எழுதினார். பற்று வரவை மதித்த மனிதர் அவர்.

வரும் செப்டம்பர் 5-ஆம் தேதி நம் சங்கத்தில் மாலை போடும்போது, பேச்சாளர்களுக்கு நேரத்தைக் குறைத்துக்கொண்டு, கூட்டுக் கொள்முதலுக்குப் பெயர் கொடுக்க ஒரு நோட்டுப் புத்தகத்தை மேசைமீது வைக்கும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.